ஜாருக்குள் அடைபட்ட டிஎல்எல்

டாக்கர் இமேஜ் ரொம்பப் பெருத்துவிட்டது, இளைக்க வைப்போம் என்று ஒருவர் கிளம்புவார். டெபியனை எடுத்துவிட்டு ஆல்பைன் லினக்ஸைப் போடுவார். பில்ட் பச்சை, டெஸ்ட் பச்சை. சர்வீஸ் எழுந்து ஹெல்த் செக்குக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து காஃப்காவிலிருந்து ஸ்னாப்பியில் சுருக்கிய முதல் செய்தி வந்து இறங்கும். அதோடு சரி. லாகில் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்: குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்ற வரி நூற்றுக்கணக்கில் கொட்டத் தொடங்கும். கிளாஸ் இல்லையா? ஜார்தான் கிளாஸ்பாத்தில் கண்ணெதிரே இருக்கிறதே? மேவன் டிபெண்டன்சி ட்ரீயைப் பிரித்துப் போட்டு, எங்காவது வெர்ஷன் மோதுகிறதா என்று தேடுவதிலேயே ஒரு மதியம் போய்விடும். அசல் காரணம் லாகில் பல பக்கங்களுக்கு மேலே ஒரே ஒரு தடவை வந்து போயிருக்கும்: அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்.

அந்த ஒரு தடவைக்குக் காரணம் பழைய ஜேவிஎம்களின் குணம். நேட்டிவ் லைப்ரரியை ஏற்றும் வேலையை வழக்கமாக ஒரு கிளாஸின் ஸ்டாட்டிக் பிளாக்கில் வைப்பார்கள். அந்த பிளாக் முதல்முறை தோற்கும்போது மட்டும் மூல காரணம் வெளியே வரும். பிறகு யார் அந்த கிளாஸைத் தொட்டாலும் ஜேவிஎம் மறுமுயற்சி எதுவும் செய்யாமல், 'இது கெட்டுப்போன கிளாஸ்' என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பும். ஆகவே லாகை எப்போதும் மேலிருந்து படிக்க வேண்டும். பிரச்சினை நேரத்தில் முதலில் மறந்துபோவதும் அதுதான்.

ஸ்னாப்பி, கூகுள் சி++ மொழியில் எழுதி 2011-இல் திறமூலமாக வெளியிட்ட சுருக்க லைப்ரரி. அதை ஜாவாவுக்குக் கொண்டுவரும் ஸ்னாப்பி-ஜாவா ஜாரை அன்ஜிப் செய்து பார்த்தால், கிளாஸ் கோப்புகளோடு லினக்ஸ், விண்டோஸ், மேக் என்று ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்டெலுக்கு ஒன்று, ஏஆர்எம்முக்கு ஒன்று என்று கம்பைல் செய்து வைத்த கோப்புகள். லினக்ஸுக்கான கோப்பு பெரும்பாலும் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியை நம்பிக் கட்டியது. ஆல்பைனில் இருப்பதோ மசல். கோப்பு இருக்கிறது, ப்ராசஸரும் சரிதான், ஆனால் அது தேடும் லோடர் அந்த இமேஜிலேயே இல்லை. சிஐ மெஷின் உபுண்டுவில் ஓடியதால் டெஸ்ட்டுக்கு இது எதுவும் தெரியவில்லை.

பாம்.எக்ஸ்எம்எல்லைப் பார்த்தால் இந்தச் சிக்கலின் சுவடே இருக்காது. குரூப் ஐடி, ஆர்ட்டிஃபாக்ட் ஐடி, வெர்ஷன் என்று மற்ற எல்லா டிபெண்டன்சியையும் போல மூன்று வரி. மேவன் உருவான உலகத்தில் அது போதுமானதாக இருந்தது; பைட்கோடு எங்கே போனாலும் ஒன்றுதானே. நேட்டிவ் லைப்ரரிக்கோ இன்னும் மூன்று விவரம் வேண்டும்: எந்த இயங்குதளம், எந்த ப்ராசஸர், எந்த சி லைப்ரரி. அவற்றை எழுத பாம் கோப்பில் முறையான இடம் இல்லை. ஜாவா உலகில் நேட்டிவ் லைப்ரரிகளைக் கையாளும் அத்தனை உத்திகளும் அந்த வெற்றிடத்தைச் சுற்றிப் போட்ட ஒட்டுகள்தாம். இருபது, இருபத்தைந்து வருடமாக ஒட்டுப் போட்டுப் போட்டு அதுவே ஒரு மரபாகிவிட்டது.

ஜாவாவையும் நேட்டிவ் கோடையும் இணைக்கும் ஜேஎன்ஐ, 1997-இல் ஜேடிகே 1.1-ஓடு வந்தது. லைப்ரரியை ஏற்ற அது தந்த வழி இரண்டே இரண்டு. சிஸ்டம்.லோட்-க்கு முழுப் பாதையையும் கொடுக்க வேண்டும். சிஸ்டம்.லோட்லைப்ரரி-க்குப் பெயர் மட்டும் போதும். லினக்ஸ் என்றால் முன்னால் 'லிப்', பின்னால் 'டாட் எஸ்ஓ', விண்டோஸ் என்றால் 'டாட் டிஎல்எல்', மேக் என்றால் 'டாட் டைலிப்' என்று ஜேவிஎம்மே சேர்த்துக்கொண்டு 'ஜாவா.லைப்ரரி.பாத்' என்ற பட்டியலில் தேடும். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை: ஏற்ற வேண்டியது டிஸ்க்கில் தனிக் கோப்பாக இருந்தாக வேண்டும். இயங்குதளத்தின் லோடருக்கு ஜிப் கோப்பைத் திறந்து படிக்கத் தெரியாது. ஜாவாவின் பொருள்கள் எல்லாம் ஜாரில் பயணம் செய்ய, நேட்டிவ் லைப்ரரி மட்டும் வெளியே நிற்க வேண்டிய நிலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, வெளியேயே நிற்கட்டும் என்று விட்டுவிடுவது பழைய வழி. ஓப்பன்சிவியின் அதிகாரப்பூர்வ ஜாவா பைண்டிங் இப்படித்தான். ஜார் ஒன்று, அதோடு 'லிப்ஓப்பன்சிவி_ஜாவா455.எஸ்ஓ' போல வெர்ஷன் எண்ணைப் பெயரிலேயே சுமந்த கோப்பு ஒன்று. ஜார் 4.5.5, கோப்பு 4.5.4 என்றால் ஏறாது. எரிச்சலாக இருந்தாலும் பெயரில் எண் இருப்பது நல்ல ஏற்பாடு. எண் இல்லாத லைப்ரரிகள் தவறான வெர்ஷனையும் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டு, பிறகு எங்கோ ஒரு ஃபங்ஷனில் ஜேவிஎம்மையே கவிழ்க்கும். அப்போது ஸ்டாக் ட்ரேஸ் கூடக் கிடைக்காது. 'எச்எஸ்_எரர்_பிஐடி' என்று தொடங்கும் ஒரு லாக் கோப்புதான் மிஞ்சும்.

இந்த வழியில் போகிறவர்கள் தவறாமல் இடறும் கல் ஷுர்ஃபயர். மேவனுக்குக் கொடுத்த ஜேவிஎம் ஆப்ஷனில் லைப்ரரி பாத்தை எழுதிவிட்டு, டெஸ்ட் ஏன் இன்னும் தோற்கிறது என்று தலையைச் சொறிவார்கள். டெஸ்ட்டுகள் மேவன் ஓடும் ஜேவிஎம்மில் ஓடுவதில்லை. ஷுர்ஃபயர் தனியாக ஒரு ஜேவிஎம்மைக் கிளப்புகிறது. அதற்குரிய 'ஆர்க்லைன்' என்ற இடத்தில் எழுதினால்தான் போய்ச் சேரும். கிரேடிலிலும் டெஸ்ட் டாஸ்க்குக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சிஸ்டம்.செட்ப்ராப்பர்ட்டி மூலம் பாத்தை மாற்றுவதும் எடுபடாது. ஜேவிஎம் அதை ஆரம்பத்தில் ஒரு முறை படித்து வைத்துக்கொள்கிறது. ரிஃப்ளெக்‌ஷன் வழியாக அந்தச் சேமிப்பை அழிக்கும் ஒரு குறுக்கு வழி வருடக்கணக்காகக் கைமாறி வந்தது. புதிய ஜேடிகேக்களில் அது செல்லாது. செல்லாமல் போனதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

தமிழ் ஓசிஆர் செய்யும் ஜாவா ப்ராஜெக்ட்டுகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. டெசராக்ட்டை ஜாவாவிலிருந்து அழைக்கப் பலரும் எடுப்பது டெஸ்4ஜே. அந்த ஜாருக்குள் விண்டோஸுக்கான டிஎல்எல்கள் உண்டு. லினக்ஸுக்கும் மேக்குக்கும் கிடையாது. விண்டோஸ் லேப்டாப்பில் டிபெண்டன்சியைச் சேர்த்ததும் ஓடும் ப்ரோக்ராம், சர்வருக்குப் போனதும் 'டெசராக்ட் லைப்ரரியை ஏற்ற முடியவில்லை' என்று நிற்பது அதனால்தான். உபுண்டுவில் ஆப்ட் மூலம் டெசராக்ட்டைத் தனியே நிறுவ வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் ஹோம்ப்ரூ, லைப்ரரிகளைப் பழைய 'யூஎஸ்ஆர்/லோக்கல்' இடத்தில் வைக்காமல் 'ஆப்ட்/ஹோம்ப்ரூ' என்ற புது இடத்தில் வைக்கிறது, 'ஜேஎன்ஏ.லைப்ரரி.பாத்' மூலம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தால் வேலை நடக்கும். தமிழுக்கான 'டாம்.ட்ரெயின்டேட்டா' கோப்பு தனிச் சாமான். அதை மறந்தவர்களுக்கு வரும் பிழைச்செய்தி வேறு, அது லிங்க் எரர் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பொழுது மிச்சம்.

இரண்டாவது வழி கிளாசிஃபையர். ஒரே ஆர்ட்டிஃபாக்ட், ஒரே வெர்ஷன், ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வாலைச் சேர்த்துத் தனித்தனி ஜார். நெட்டியை உருவாக்கிய ட்ரஸ்டின் லீ எழுதிய 'ஓஎஸ்-மேவன்-ப்ளகின்', பில்ட் நடக்கும் மெஷினைப் பார்த்து 'லினக்ஸ்-எக்ஸ்86_64' என்பது போன்ற பெயரை ஒரு ப்ராப்பர்ட்டியில் நிரப்பித் தரும். அதை அப்படியே கிளாசிஃபையரில் எழுதிவிடலாம். எல்டபிள்யூஜேஜிஎல் விளையாட்டு லைப்ரரியும் 'நேட்டிவ்ஸ்-விண்டோஸ்', 'நேட்டிவ்ஸ்-லினக்ஸ்' என்று இதே பாதையில் போகிறது. பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: ப்ளகின் பார்ப்பது பில்ட் செய்யும் மெஷினை, ஓட்டப்போகும் மெஷினை அல்ல. மேக்கில் பில்ட் செய்து லினக்ஸ் கண்டெய்னருக்குள் காப்பி செய்யும் குழுக்கள் மேக் டைலிப்பை லினக்ஸுக்குப் பார்சல் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 வந்தபோது இந்த முறையின் இன்னொரு பலவீனமும் தெரிந்தது. ப்ளகின் கடமை தவறாமல் 'ஓஎஸ்எக்ஸ்-ஏஆர்ச்_64' என்று கண்டுபிடித்துச் சொன்னது. அந்த வாலோடு ப்ரோட்டாக் கம்பைலர் மேவன் சென்ட்ரலில் இல்லை. புது லேப்டாப் வாங்கியவர்களின் பில்ட் எல்லாம் டவுன்லோடு கட்டத்திலேயே விழுந்தது. இன்டெல் பெயரைக் கையால் எழுதி, ரொசெட்டா 2-இன் தயவில் பல மாதம் ஓட்டினார்கள். அப்போது எழுதிய வரிகளை யாரும் திரும்ப எடுக்கவில்லை என்பது பல ரெப்பாசிட்டரிகளில் இன்றும் தெரிகிறது.

ஜாவாஎஃப்எக்ஸ் 11, 2018-இல் ஜேடிகேயிலிருந்து பிரிந்து மேவன் சென்ட்ரலுக்கு வந்தபோது, தளத்தைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தன் பேரண்ட் பாமில் ப்ரொஃபைல்களாக எழுதி வைத்தது. மேவன்காரர்களுக்கு மந்திரம் போல வேலை செய்தது. கிரேடில் இப்படி ஓஎஸ்ஸைப் பார்த்து விழிக்கும் ப்ரொஃபைல்களை மதிப்பதில்லை. அவர்களுக்கென்று தனி ப்ளகின் எழுத வேண்டி வந்தது. கிரேடிலின் சொந்த மாட்யூல் மெட்டாடேட்டாவில் தளம், ப்ராசஸர் ஆகியவற்றை வேரியன்ட்டாகச் சொல்ல முடியும். உண்மையான தீர்வுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் லைப்ரரி வெளியிடுவோரில் மிகச் சிலரே அதை எழுதுகிறார்கள்; மேவன் அதைப் படிப்பதும் இல்லை. என்ஏஆர் என்று நேட்டிவ் கோப்புகளுக்கே தனி ஆர்க்கைவ் வடிவம் ஒன்றும் மேவனுக்கு உண்டு. சி++ குழுவும் ஜாவா குழுவும் ஒரே பில்டில் வாழும் சில இடங்களைத் தாண்டி அது பரவவில்லை.

ஜெயித்தது மூன்றாவது வழி: எல்லாத் தளத்துக்கும் உரிய கோப்புகளை ஒரே ஜாரில் அடைத்துவிடு, ஓடும்போது தனக்கு வேண்டியதை டெம்ப் ஃபோல்டரில் பிரித்துப் போட்டு சிஸ்டம்.லோட் மூலம் ஏற்று. ஸ்னாப்பி-ஜாவா, எஸ்க்யூலைட்-ஜேடிபிசி, இசட்எஸ்டிடி-ஜேஎன்ஐ, ராக்ஸ்டிபி, ஜேஎன்ஏ எல்லாம் இந்தக் கட்சி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போகிறவர் மொத்தச் சமையலறையையும் மூட்டை கட்டிப் போவது போலத்தான். எஸ்க்யூலைட் ஜார் பத்து எம்பியைத் தாண்டுவது அதனால்தான். ஆனாலும் பயன்படுத்துகிறவருக்கு மூன்று வரியில் வேலை முடிந்துவிடுகிறது. மற்ற வழிகளைத் தோற்கடித்தது அந்த மூன்று வரிதான். வீடியோ, ஓப்பன்சிவி போன்ற பெரிய லைப்ரரிகளை ஜாவாசிபிபி வழியாக எடுக்கிறவர்கள் மட்டும் 'ஜாவாசிபிபி.பிளாட்ஃபார்ம்' ப்ராப்பர்ட்டியில் தங்கள் தளத்தைச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் தேவையே இல்லாத தளங்களின் ஜார்கள் நூற்றுக்கணக்கான எம்பிக்கு வந்து குவியும்.

விலை ஓடும்போதுதான் தெரியும். பாதுகாப்பைக் கருதி டெம்ப் ஃபோல்டரை 'நோஎக்ஸெக்' என்று மவுண்ட் செய்து வைக்கும் சர்வர்கள் ஏராளம். அங்கே கோப்பை எழுத முடியும், நிரலாக ஏற்ற முடியாது. 'ஃபெயில்ட் டு மேப் செக்மென்ட்' என்று ஒரு பிழை வரும். அதைப் பார்த்து மெமரி பிரச்சினை என்று ஹீப் அளவைக் கூட்டுகிறவர்களும் உண்டு. மருந்து எளிது, வேறு ஃபோல்டரைக் காட்ட வேண்டும். ஆனால் ஒவ்வொரு லைப்ரரியும் இதற்கு ஒரு தனிப் பெயர் வைத்திருக்கிறது: ஜேஎன்ஏவுக்கு 'ஜேஎன்ஏ.டெம்ப்டிர்' பாணியில் ஒன்று, நெட்டிக்கு 'நேட்டிவ்.வொர்க்டிர்' என்று முடியும் ஒன்று, ஸ்னாப்பிக்கு இன்னொன்று, எஸ்க்யூலைட்டுக்கு வேறொன்று. இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்வதற்குப் பதில் 'ஜாவா.ஐஓ.டெம்ப்டிர்'-ஐயே மாற்றிவிடுவது பெரும்பாலான லைப்ரரிகளுக்குப் போதும்.

விண்டோஸில் கதை வேறு. ஏற்றிய டிஎல்எல்லை ப்ராசஸ் உயிரோடு இருக்கும்வரை அழிக்க முடியாது. ஜேவிஎம் அணையும்போது அழிக்கச் சொல்லி வைத்தாலும் அப்போதும் பிடி விட்டிருக்காது. எனவே ஒவ்வொரு முறை ஓடும்போதும் டெம்ப் ஃபோல்டரில் ஒரு டிஎல்எல் மிஞ்சும். கவனமான லைப்ரரிகள் அடுத்த முறை எழும்போது போன முறை விட்டதைத் துடைத்துக்கொள்கின்றன.

டாம்கேட்டில் ஆப்பை ரீடிப்ளாய் செய்கிறவர்களுக்குக் காத்திருக்கும் பிழை 'ஆல்ரெடி லோடட் இன் அனதர் கிளாஸ்லோடர்'. ஒரு நேட்டிவ் கோப்பை ஒரே சமயத்தில் ஒரு கிளாஸ்லோடர்தான் வைத்திருக்கலாம் என்பது ஜேவிஎம் விதி. பழைய ஆப்பின் கிளாஸ்லோடரை ஜிசி அள்ளும்வரை புதியது ஏற்ற முடியாது. ஒரு த்ரெட் லோக்கல் எங்காவது அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்போதுமே முடியாது. ஜேஎன்ஐ ஜாரை வார் கோப்புக்குள் வைக்காமல் டாம்கேட்டின் லிப் ஃபோல்டருக்கு மாற்றுவதே நிரந்தர வழி. எல்இசட்4-ஜாவா இதில் புத்திசாலி. 'வேகமானதைக் கொடு' என்று கேட்டால், தான் சிஸ்டம் கிளாஸ்லோடரில் இருக்கிறோமா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால், நேட்டிவ் ஏற்கெனவே ஏறியிருந்தாலொழிய, அந்தப் பக்கமே போகாமல் சுத்த ஜாவாவில் எழுதிய வடிவத்தைத் தந்துவிடும். நேட்டிவ் இல்லாமலும் ஓடத் தெரிந்த லைப்ரரி கிடைத்தால், கொஞ்சம் வேகம் குறைந்தாலும் அதை எடுத்துக்கொள்வதே மேல். இரவு இரண்டு மணிக்கு யாரும் எழுப்ப மாட்டார்கள்.

ஷேடிங் செய்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஜேஎன்ஐயில் சி ஃபங்ஷனின் பெயருக்குள் ஜாவா பேக்கேஜின் பெயரே பொதிந்திருக்கும். ஷேட் ப்ளகின் பேக்கேஜை இடம் மாற்றினால் ஜாவா பக்கத்துப் பெயர் மாறும். கம்பைல் ஆகிவிட்ட சி பக்கத்துப் பெயர் அப்படியே நிற்கும். கோப்பு நன்றாக ஏறும், மெத்தடை அழைக்கும்போது கிடைக்காது. நெட்டி இதற்கென்று ஏற்பாடு செய்திருக்கிறது: நேட்டிவ் கோப்பின் பெயரோடு புதிய பேக்கேஜ் பெயரை முன்னொட்டாகச் சேர்த்தால், அதைப் படித்துத் தன் ஃபங்ஷன்களை அந்தப் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளும். ஜிஆர்பிசியின் ஷேட் செய்த ஜாரில் 'லிப்ஐஓ_ஜிஆர்பிசி_நெட்டி_ஷேடட்' என்று நீண்ட பெயரோடு கோப்பு இருப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் இதுதான். இந்த ஏற்பாடு இல்லாத லைப்ரரியை ஷேட் செய்யாமல் விட்டுவிட வேண்டும்.

சொந்தமாக சி கோடு எழுதி ஜாரில் அடைக்கும் குழுக்களுக்கு இன்னும் இரண்டு கண்ணிகள். 'ஜாவா.லைப்ரரி.பாத்' உதவுவது முதல் கோப்புக்கு மட்டும். அந்தக் கோப்பு வேறொரு எஸ்ஓவை நம்பியிருந்தால் அதைத் தேடுவது ஜேவிஎம் அல்ல, லினக்ஸின் லோடர். அதற்கு 'எல்டி_லைப்ரரி_பாத்' வேண்டும். அல்லது பக்கத்திலேயே தேடு என்று பொருள்படும் 'டாலர் ஆரிஜின்' என்ற ஆர்பாத்தைக் கோப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். முடிந்தால் எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக ஒரே கோப்பில் லிங்க் செய்துவிடுவது தலைவலி இல்லாத வழி. இன்னொரு கண்ணி ஜிலிப்சி வெர்ஷன். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35; ரெட் ஹாட் 8-இல் 2.28. 2.34-இல் த்ரெட் லைப்ரரி ஜிலிப்சிக்குள்ளேயே கலந்துவிட்டதால், த்ரெட்டைத் தொடும் கோப்பைப் புதிய உபுண்டுவில் கம்பைல் செய்தால் அது 2.34-ஐக் கேட்கும், ரெட் ஹாட் 8-இல் ஏறாது. புதிய ஜிலிப்சி பழைய கோப்பை ஏற்கும், பழையது புதிய கோப்பை ஏற்காது. ஆகவே கையில் இருப்பதிலேயே பழைய லினக்ஸில் கம்பைல் செய்ய வேண்டும். பைத்தான்காரர்கள் இதை 'மெனிலினக்ஸ்' என்று விதியாகவே எழுதி, சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாகக் கொண்ட இமேஜையும் கொடுத்திருக்கிறார்கள். ஜாவா பக்கம் அப்படி ஒரு பொது விதி இல்லை. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறது.

அடைத்து வைப்பதில் பாதுகாப்புச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்ற படக் கோப்பு லைப்ரரியில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ப்ரௌசர்கள் உடனே திருத்திக்கொண்டன. ஆனால் ஒரு ஜாருக்குள் அதே சி கோடு கம்பைல் ஆகி உட்கார்ந்திருந்தால், பாமை மட்டும் படிக்கும் ஸ்கேனருக்கு அது தெரியாது. ஆப்ட் அப்டேட்டும் அதைத் தொடாது. ஜாரை வெளியிட்டவர் புது வெர்ஷன் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சர்வரில் ஓடும் முக்கியமான லைப்ரரிகளை இமேஜிலேயே ஆப்ட் மூலம் நிறுவி, பாத்தைக் காட்டிவிடும் பழைய வழிக்கு இந்த ஒரு விஷயத்தில் இன்றும் மதிப்பு இருக்கிறது.

பனாமா வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தப் பாடு என்று சிலர் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் ஜேடிகே 22-இல் இறுதியான அந்த ஏபிஐ, சி ஃபங்ஷனை அழைக்கும் வலியைப் போக்கியிருக்கிறது. இடையில் சி கோடு எழுத வேண்டியதில்லை. கோப்பை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. டிஸ்க்கில் தனிக் கோப்பு வேண்டும் என்ற 1997-இன் நிபந்தனை அப்படியே நிற்கிறது.

அதற்கு மாறாக, கெடுபிடி கூடியிருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த ஜேடிகே 24, அனுமதி இல்லாமல் நேட்டிவ் லைப்ரரி ஏற்றப்பட்டால் எச்சரிக்கை அச்சிடுகிறது. பின்னால் வரும் ஒரு வெர்ஷனில் தடுத்தே விடுவோம் என்றும் சொல்கிறது. அந்த எச்சரிக்கையைப் பலர் முதலில் பார்த்தது தங்கள் ப்ராஜெக்ட்டில்கூட இல்லை. 'எம்விஎன்' என்று தட்டியதுமே. டெர்மினலில் கலர் காட்ட மேவன் 3.9 வைத்திருக்கும் ஜான்ஸி, தன் ஜாரிலிருந்து ஒரு நேட்டிவ் கோப்பைப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்தது. கிரேடிலும் தப்பவில்லை.

எச்சரிக்கையை மட்டும் நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஒரு மாட்யூலுக்கு ஒரு முறைதான் அது வரும். சாதாரண கிளாஸ்பாத்தில் இருக்கும் ஜார்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பெயரில்லா மாட்யூல். முதலில் மாட்டியவர் பெயர் மட்டும் வரும், மற்றவர்கள் மறைந்துகொள்வார்கள். ஜேடிகே 24-இல் 'ஜேநேட்டிவ்ஸ்கேன்' என்ற கருவி இருக்கிறது. உங்கள் கிளாஸ்பாத்தை அதனிடம் கொடுங்கள். எந்தெந்த ஜார் நேட்டிவ் மெத்தடை வைத்திருக்கிறது, எது லைப்ரரி ஏற்றுகிறது என்று பட்டியல் தரும். பிறகு மேனிஃபெஸ்ட்டில் 'எனேபிள்-நேட்டிவ்-ஆக்சஸ்' வரியைச் சேருங்கள். அடுத்த முறை யாராவது இமேஜை இளைக்க வைக்கலாம் என்று கிளம்பும்போது, அவர் கையில் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.